110 மடிப்பிலிருந்து 57 மடிப்புக்கு: மரத்தூள் பெட்டிக்கு ஒரு வடிகட்டி

விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, சுத்தக் காற்று வெளிவரும் பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வடிகட்டியின் 110 மடிப்புகளில் பாதிக்கு மேல் வாய் மூடிக் கிடந்தன. விசிறியை நிறுத்தியதும் ஓரிரு நொடியில் எல்லாம் மெல்ல விரிந்து, மேசைமேல் வைத்துச் செய்தபோது இருந்த ஒழுங்குக்கே திரும்பிவிட்டன. இரண்டு நாளாக நான் தேடிய கோளாறு அதுதான். வடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தபோதெல்லாம் அது எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது. ஓடும்போது பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். மரச் சாமான்களைத் தேய்ப்பதற்கென்று பிளைவுட்டில் ஒரு மூடிய பெட்டி செய்திருக்கிறேன். முன்பக்கம் கை நுழைக்க 500 மி.மீ. அகலம், 300 மி.மீ. உயரத்தில் ஒரு திறப்பு. தூசி அந்தத் திறப்பு வழியாக என் முகத்துக்கு வராமல் இருக்க வேண்டுமானால் காற்று உள்நோக்கி நொடிக்கு அரை மீட்டராவது போக வேண்டும். கணக்குப் போட்டால் மணிக்கு 270 கன மீட்டர்; கொஞ்சம் கூட்டி 300 என்று வைத்துக்கொண்டேன். பெட்டியின் பின்னால் வடிகட்டி, அதற்குப் பின் விசிறி, அப்புறம் 150 மி.மீ. குழாய் வழியாகக் காற்று வெளியே போகும். வெளியே போகிற காற்றுதானே, வடிகட்டி எதற்கு என்று கேட்கலாம். குழாயின் வாய் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து இருக்கிறது. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அதை இன்னொருவர் வீட்டுக்குள் ஊதிவிட எனக்கு மனம் வரவில்லை.

வடிகட்டிக்கு இருந்த இடம் 400 மி.மீ. சதுரம், 50 மி.மீ. ஆழம். இந்த இடத்தில் வடிதாளைத் தட்டையாக விரித்தால் கிடைப்பது 0.16 சதுர மீட்டர். அவ்வளவு காற்றும் அதற்குள் போக வேண்டுமானால் தாளை நொடிக்கு 52 செ.மீ. வேகத்தில் கடக்க வேண்டும். நுண்ணிழைத் தாள் எதுவும் அதற்கு ஈடுகொடுக்காது. அதனால்தான் மடிக்கிறோம். ஒரு மடிப்பு என்றால் போக 50, வர 50, மொத்தம் 100 மி.மீ. தாள். 400 மி.மீ. உயரத்துக்கு ஒரு மடிப்பு 0.04 சதுர மீட்டர் தரும்.

வடிதாள் தேர்வில் ஒரு வாரம் போனது. அது வீண் போகவில்லை. இரண்டு மாதிரிகள் கையில் இருந்தன. இரண்டுமே பாலியெஸ்டர் அடித்தாளின் மேல் மெல்லிய பாலிப்ரொப்பிலீன் இழைகள் படிந்தவை. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சில தாள்களின் இழைகளில் மின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். புதிதாக இருக்கும்போது அவை நுண்துகளைப் பிரமாதமாகப் பிடிக்கும். தூசி படியப் படிய அந்த மின்னூட்டம் மறைந்து, பிடிக்கும் திறன் சரிந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, தாளின் ஒரு துண்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, தீப்பொறி இல்லாத காற்றோட்டமான இடத்தில் முழுக்க உலர வைத்து, நனைக்காத துண்டோடு ஒப்பிடுவது. பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 16890 கூட இதே ஆல்கஹாலின் ஆவியைக் கொண்டுதான் மின்னூட்டத்தை நீக்கிச் சோதிக்கச் சொல்கிறது. என் மாதிரிகளில் ஒன்று 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளில் 93 சதவீதத்திலிருந்து 58-க்கு விழுந்தது. மற்றது அசையவில்லை. அசையாததையே எடுத்தேன். விற்பவர் காட்டும் எண் எந்த நிலையில் அளந்தது என்று கேட்காமல் வடிதாள் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

0.3 மைக்ரானை ஏன் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வடிகட்டி சல்லடை அல்ல. பெரிய துகள் காற்றோடு வளைந்து போக முடியாமல் இழையில் போய் மோதும், அல்லது உரசி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறிய துகளைக் காற்று மூலக்கூறுகள் அங்குமிங்கும் தள்ளுவதால் அது தடுமாறித் தடுமாறி ஏதாவது ஓர் இழையில் விழும். இந்த இரண்டுக்கும் நடுவே, மோதுவதற்குப் போதிய கனமும் இல்லாமல், தடுமாறும் அளவுக்குச் சிறியதாகவும் இல்லாமல் ஓர் அளவு இருக்கிறது. அதுதான் எளிதில் தப்பிக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மூர் அது 0.3 மைக்ரான் அருகே இருக்கும் என்று கணக்கிட்டார். நுண்துகளை மிக உயர்ந்த அளவில் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டிக்கு 0.3 மைக்ரானில் 99.97 சதவீதம் என்று கேட்பது அந்த வழியில் வந்தது. வடிவமைக்கிறவருக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. தாளை மெதுவாகக் கடந்தால் சிறிய துகள் தடுமாற அதிக நேரம் கிடைக்கும். ஆகவே பரப்பைக் கூட்டினால் அழுத்த இழப்பும், அதாவது தாளைக் கடக்கக் காற்று செலவழிக்கும் அழுத்தமும் குறையும், நுண்துகளும் கூடுதலாகப் பிடிபடும். இரண்டும் ஒரே திசையில் நகர்வது வடிகட்டி வேலையில் அபூர்வம்.

ஹெப்பா தாளையே போட்டிருக்கலாமே? கண்ணாடி இழைத் தாள் நொடிக்கு 5.3 செ.மீ. வேகத்தில் சுமார் 300 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) கேட்கும். என் விசிறிக்கு அது அதிகம். கையால் மடித்தால் மடிப்பு முனையிலேயே விரிசல் விடும். காற்றை அறைக்குள்ளேயே திருப்பி விடுவதாக இருந்தால் வேறு யோசனையே இல்லை, ஹெப்பாதான்.

நான் எடுத்த தாளை 113 மி.மீ. விட்டமுள்ள வட்டப் பிடிப்பானில் வைத்து நிமிடத்துக்கு 32 லிட்டர் காற்று விட்டேன். அந்த வட்டம் 100 சதுர செ.மீ., ஆகவே வேகம் 5.3 செ.மீ. அழுத்த இழப்பு 80 பாஸ்கல். தாளின் தடிமன் 0.6 மி.மீ. இந்த இரண்டு எண்ணும் கையில் இருந்தால் மீதியைத் தாளில் எழுதியே போடலாம். வேகம் பாதியானால் இழப்பும் பாதியாகும், நேர்கோடு.

அளவிடும் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. யு வடிவக் குழாயில் சாயத் தண்ணீர் ஊற்றினால் ஒரு மி.மீ. உயரம் 9.81 பாஸ்கல். நான் தேடுவது 40, 50 பாஸ்கல், நான்கைந்து மி.மீ. வித்தியாசத்தைக் கண்ணால் துல்லியமாகப் படிக்க முடியாது. அதற்குப் பதிலாக அகலமான ஒரு ஜாடியின் அடியில் மெல்லிய தெளிவான குழாயைப் பொருத்தி, பத்துக்கு ஒன்று சாய்வாகப் பலகையில் படுக்க வைத்தேன். இப்போது குழாயில் தண்ணீர் ஒரு மி.மீ. நகர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு பாஸ்கல். பலகையை மட்டம் பார்த்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பதிவில் நான் அளந்ததாகச் சொல்லும் அழுத்த எண்கள் எல்லாம் இந்தக் குழாயில் படித்தவை. காற்றின் அளவைக் கண்டுபிடிக்க, வேகத்தை அளக்கும் ஹாட்வயர் அனிமோமீட்டரை 150 மி.மீ. குழாயின் குறுக்கே பல புள்ளிகளில் வைத்துச் சராசரி எடுத்தேன், நொடிக்கு 4.7 மீட்டர் வந்தால் 300 கன மீட்டர்.

சரி, மடிப்பு எத்தனை? 40 மடிப்பு போட்டால் 1.6 சதுர மீட்டர், தாளில் மட்டும் 79 பாஸ்கல். மடிப்பைக் கூட்டக் கூட்டத் தாளின் இழப்பு குறையும். ஆனால் மடிப்புகளுக்கு நடுவே உள்ள சந்து குறுகும். காற்று அந்தச் சந்துக்குள் உரசிக்கொண்டு போவதற்கும் அழுத்தம் செலவாகும். சந்தின் அகலம் பாதியானால் அந்தச் செலவு எட்டு மடங்காகும், ஏனென்றால் வேகமும் கூடுகிறது, சுவரும் நெருங்குகிறது. 40 மடிப்பில் இது அரை பாஸ்கல்கூட இல்லை. 110 மடிப்பில் 7 முதல் 8 பாஸ்கல். 200 மடிப்பில் சந்து 0.4 மி.மீ.தான், அங்கே 117 பாஸ்கல். இரண்டையும் கூட்டி வரைந்தால் ஒரு பள்ளம் போன்ற கோடு வரும். அதன் அடி என் அளவுகளுக்கு 110 மடிப்பு அருகே, மொத்தம் 36 பாஸ்கல்.

எனவே 110 மடிப்பே செய்தேன். 11 மீட்டர் தாள். பலகையில் 50 மி.மீ.க்கு ஒரு கோடு, மழுங்கிய கத்தியின் முதுகால் ஒரு கோட்டை மேலிருந்தும் அடுத்ததைக் கீழிருந்தும் அழுத்தி, விசிறிக் காகிதம் போல மடித்தேன். கூரான கத்தி வேண்டாம், இழைப்படலம் அறுந்துவிடும். சட்டத்துக்குள் நெருக்கி வைத்து இரு முனைகளையும் பாலியூரித்தேன் ஊற்றி அடைத்தேன். மடிப்புகளுக்கு நடுவே எதுவும் வைக்கவில்லை. இவ்வளவு நெருக்கத்தில் ஒன்றை ஒன்று தாங்கிக்கொள்ளும் என்று நம்பினேன்.

36 வர வேண்டிய இடத்தில் முதல் நிமிடத்திலேயே 94 பாஸ்கல். ஆறு மணி நேரம் தேய்த்ததும் 240.

டார்ச்சில் பார்த்ததை வைத்து யோசித்தால் காரணம் எளியது. தூசிப் பக்கம் அழுத்தம் கூடுதல், சுத்தப் பக்கம் குறைவு. அதனால் தூசிப் பக்கச் சந்துகள் பலூன் போல உப்புகின்றன, சுத்தப் பக்கச் சந்துகள் நசுங்கி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்தில் தாள் இருக்கிறது, ஆனால் அதன் வழியாக வந்த காற்றுக்குப் போக இடமில்லை. காற்று மீதமுள்ள மடிப்புகளுக்குத் திரும்புகிறது, அங்கே இழப்பு கூடுகிறது, அழுத்த வேறுபாடு இன்னும் ஏறி இன்னும் சில சந்துகளை நசுக்குகிறது. தூசி சேரச் சேர இது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். கணக்கில் நான் போட்ட 4.4 சதுர மீட்டரில் எவ்வளவு வேலை செய்தது என்று அந்த 94-ஐ வைத்துப் பார்த்தால், பாதிகூடத் தேறாது. பழைய வடிகட்டியை அறுத்துப் பார்த்தபோது அதுவே தெரிந்தது: சில மடிப்புகள் அடிவரை பழுப்பேறியிருந்தன, பக்கத்து மடிப்பு முனையில் மட்டும் தூசி பிடித்து உள்ளே வெள்ளையாகவே இருந்தது.

வடிகட்டிக்குத் தாள் எவ்வளவு முக்கியமோ அதே அளவுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடமும் முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். அதையும் நாம்தான் செய்து, நாம்தான் தாங்கி நிறுத்த வேண்டும்.

இரண்டாவது வடிகட்டிக்கு 7 மி.மீ. இடைவெளி வைத்து 57 மடிப்பு என்று முடிவெடுத்தேன். தாள் 5.7 மீட்டர், பரப்பு 2.28 சதுர மீட்டர், தாளைக் கடக்கும் வேகம் 3.65 செ.மீ. தாளில் 55 பாஸ்கல், சந்தில் 1 பாஸ்கல், மொத்தம் 56. பள்ளத்தின் அடியிலிருந்து 20 பாஸ்கல் மேலே நிற்கிறேன். அந்தக் கோடு தூசியே இல்லாத, அசையவே அசையாத மடிப்புக்கு வரைந்தது. தூசி படிந்தால் தாள் தடிக்கிறது, சந்து குறுகுகிறது. அப்போது நெருக்கமான மடிப்புதான் முதலில் மூச்சுத்திணறும். என் வேலைக்கு அகலச் சந்தே சரி.

சந்தைத் தாங்க, சூடான பசையை வரி வரியாக இட்டேன். 40 மி.மீ.க்கு ஒரு வரி, உயரத்துக்கு 9 வரி. முதல் துண்டிலேயே ஒரு பாடம். வழக்கமான குளூ கன் 180 டிகிரிக்கு மேல் போகிறது. பாலிப்ரொப்பிலீன் 165 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். பசை காய்ந்த பிறகு தாளைப் பல்புக்கு எதிரே பிடித்தால் வரியோரமாக ஊசித்துளைகள் நட்சத்திரம் போலத் தெரிந்தன. 120 டிகிரி அளவில் வேலை செய்யும் குறைவெப்ப கன்னும் அதற்கான குச்சியும் வாங்கியதும் இது நின்றது. கண்ணாடி இழைத் தாளாக இருந்தால் இந்தக் கவலை இல்லை.

மடிப்பு உண்மையில் வி வடிவம். வாயில் அகலம், உள்முனையில் ஒன்றுமில்லை. பசை வரியும் அப்படியே இருக்க வேண்டும். உள்மடிப்பிலிருந்து 8 மி.மீ. விட்டுத் தொடங்கி, முதலில் கையை வேகமாக நகர்த்தி, வாயை நெருங்க நெருங்க மெதுவாக்கினேன். வாயருகே வரி சுமார் 3 மி.மீ. உயரம் வரும். மடிக்கும்போது எதிரெதிர் வரிகள் முட்டிக்கொண்டு ஓர் ஆப்பு போல நிற்கும். பத்துப் பதினைந்து மடிப்புக்குப் பிறகு கைக்கு அந்தத் தாளம் பிடிபட்டுவிடும்.

நசுங்குவது சுத்தப் பக்கச் சந்து என்பதால் அந்தப் பக்கம் 9 வரியும், தூசிப் பக்கம் ஒன்று விட்டு ஒன்றாக 4 வரியும் போட்டேன். 114 முகங்களில் மொத்தம் 1482 வரிகள், மூன்று மாலைகள். தூசிப் பக்கத்தில் வரிகள் குறைவாக இருப்பதில் இன்னொரு நன்மை: கொஞ்சம் பெரிய சீவல் வந்தாலும் சிக்கி நிற்காமல் கீழே இறங்கும். அதற்காகவே மடிப்புகளைச் செங்குத்தாக நிற்கும்படி வைத்தேன். படுக்கை வாட்டில் வைத்தால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு தூசி அலமாரி ஆகிவிடும்.

மடித்து முடித்த பொதியை நிமிர்த்தி வைக்க, 7 மி.மீ.க்கு ஒரு ஆணி அடித்த இரண்டு மரச் சீப்புகள் செய்துகொண்டேன். மேலே ஒன்று, கீழே ஒன்று. மடிப்பு முனைகள் ஆணிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளும், இடைவெளி தானாகச் சமமாகும். முனைகளை 5 மி.மீ. ஆழத்துக்குப் பாலியூரித்தேனில் அமிழ்த்தினேன். ஒரு பக்கம் ஊற்றி முழு இரவு விட்டு, மறுநாள் மறுபக்கம். அவசரப்பட்டுத் தூக்கினால் முனைக்குக் கீழே காற்றுக் குமிழி நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குமிழிதான் பின்னால் கசிவாகும். தாளில் ஒரு பக்கம் சொரசொரப்பாக இருந்தது. அதைத் தூசிப் பக்கம் வைத்தேன். பெரிய துகள் அங்கே தங்கும், மெல்லிய இழைகள் உள்ளே நுண்துகளுக்காகக் காத்திருக்கும்.

ஓட்டிப் பார்த்தேன். 63 பாஸ்கல்.

56-க்கும் 63-க்கும் நடுவே உள்ள 7 எங்கே போனது என்று உட்கார்ந்து தேடினேன். பசை வரி ஒவ்வொன்றும் சுமார் 3 மி.மீ. அகலம், ஒன்பதுக்கு 27 மி.மீ. முனைகள் அமிழ்ந்தது 10 மி.மீ. ஆக 400-இல் 37 மி.மீ. தாள் வேலை செய்யவில்லை. அதைக் கழித்துப் பார்த்தால் தாளின் இழப்பு 61, சந்தோடு சேர்த்து 62. எனக்கு அன்று இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. முதல் வடிகட்டியில் கணக்கும் குழாயும் பேசிக்கொள்ளவே இல்லை. இதில் ஒரு பாஸ்கல் வித்தியாசத்தில் ஒத்துப்போயின.

அப்புறம், காற்றில் உள்ள துகள்களை எண்ணும் கருவி. ஒரே கருவியை வடிகட்டிக்கு முன்னும் பின்னும் மாற்றி மாற்றி வைத்து, இரண்டு எண்ணிக்கைக்கும் உள்ள விகிதத்தை மட்டும் பார்த்தேன். இரண்டு கருவி வைத்தால் அவற்றின் வேறுபாடும் கணக்கில் கலந்துவிடும். ஒரு மைக்ரான் துகளில் 97.7 சதவீதம், 0.3-இல் 86. ஒரு மைக்ரானில் இன்னும் மேலே வந்திருக்க வேண்டும். இந்தத் தாளின் துண்டுச் சோதனை 99-க்கு மேல் காட்டியிருந்தது. பெரிய துகளும் சிறிய துகளும் எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ ஒரே பங்கு கூடுதலாகத் தப்பினால் சந்தேகம் தாளின் மேல் இல்லை, ஓட்டையின் மேல். ஓட்டைக்குத் துகளின் அளவு தெரியாது.

அணைத்த திரியின் புகையைச் சட்டத்தின் ஓரமாக நகர்த்தினேன். மேல் பக்கம் முழுக்கப் புகை ஒரு கோடாக உள்ளே இழுக்கப்பட்டது. பிளைவுட் சட்டம் அரை மி.மீ. வளைந்திருந்தது. அரை மி.மீ.தானே என்று விடக்கூடாது. 63 பாஸ்கல் வேறுபாட்டில் சந்து வழியாகக் காற்று நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பாயும். அரை மி.மீ. அகலமும் 100 மி.மீ. நீளமும் உள்ள ஒரு கீறலே, அதற்குள் காற்றோட்டம் சுருங்குவதைக் கழித்த பிறகும், மொத்தக் காற்றில் 0.37 சதவீதத்தை வடிகட்டாமல் விட்டுவிடும். ஹெப்பா வடிகட்டியில் 0.03 சதவீதத் துகள் மட்டுமே தப்பலாம் என்பதோடு வைத்துப் பாருங்கள். என் சட்டத்தில் 400 மி.மீ. நீளம் முழுக்கத் திறந்திருந்தது, ஏறத்தாழ ஒன்றரை சதவீதம்.

பழைய திறந்த நுரைப் பட்டையை உரித்துவிட்டு, மூடிய நுண்ணறை உள்ள ரப்பர் நுரையை வைத்தேன். மூலைகளில் நேராக வெட்டிச் சேர்க்காமல் ஒன்றுக்குள் ஒன்று கோக்கும்படி வெட்டினேன். நான்கு பக்கமும் திருகு வைத்து, பட்டை மூன்றில் ஒரு பங்கு அமுங்கும் வரை முடுக்கினேன். மறுபடி எண்ணினால் ஒரு மைக்ரானில் 99.2, 0.3-இல் 87.5. தாளால் முடிந்தது அவ்வளவுதான், அது முழுக்கக் கிடைத்துவிட்டது.

இதே போல யாராவது செய்வதாக இருந்தால் இரண்டு விஷயம். இந்தப் பெட்டிக்குள் இரும்பைக் கிரைண்டரில் தேய்க்காதீர்கள். பாலிப்ரொப்பிலீன் எரியும், அதில் படிந்த மரத்தூள் இன்னும் வேகமாக எரியும். ஒரு பொறி போதும். இரண்டாவது, வடிகட்டி நிறைந்ததும் கம்ப்ரசர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்ய நினைக்காதீர்கள். மேற்பரப்பில் சவ்வு ஒட்டிய தாள்களில் தூசி மேலேயே நிற்கும், அவற்றை ஊதலாம்; தொழிற்சாலைகளில் உருளை வடிகட்டிகளைக் காற்றுத் துடிப்பால் உதறுவது அப்படித்தான். என் தாளில் தூசி இழைகளுக்குள்ளே இறங்கிவிட்டது. ஊதினால் அது வெளியே வராது, இழைதான் கிழியும். மாற்றும்போது முகக்கவசம் போட்டுக்கொண்டு, கழற்றுவதற்கு முன்பே பிளாஸ்டிக் பையை அதன் மேல் போர்த்திக் கட்டுகிறேன்.

முன்னால் ஒரு முரட்டு நுரைத்தாளைச் செருகி வைத்திருக்கிறேன். சீவலையும் உப்புத்தாளிலிருந்து உதிரும் மணலையும் அது பிடித்துக்கொள்கிறது, 15 பாஸ்கல் கூடுதல் செலவு. மடிப்பு வடிகட்டி மட்டும் 20 மணி நேரத்தில் 63-லிருந்து 88-க்கு வந்தது, 41 மணி நேரத்தில் 130. பலகையில் 200-க்கு நேரே சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். அதைத் தாண்டினால் திறப்பில் காற்றின் வேகம் அரை மீட்டருக்குக் கீழே போய்விடுகிறது. நேற்று விசிறி ஓடும்போது மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தேன். 57 சந்தும் திறந்தே இருந்தன.